ஆமை ஒளித்த இலை

ஒரு காட்டில், மரங்களெல்லாம் தள்ளி நின்று வெயிலுக்கு வழிவிட்ட மொட்டைத் தரை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு பக்கம் பெரிய பாறை, மறுபக்கம் ஓடை. நடுவில் ஓர் ஆமை தனியாகக் குடியிருந்தது.

ஆமைக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை, பிள்ளைகளே. வீட்டை முதுகிலேயே வைத்திருப்பவருக்கு என்ன கவலை? ஆனால் அதன் சிநேகிதிக்கு வெயில் ஆகாது. அந்தச் சிநேகிதி ஓர் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகும் குட்டை வாலும் கொண்டது. ஐப்பசியில் வரும், பங்குனி கடைசியில் வடக்கே பறந்துவிடும். இருக்கும் மாதங்களில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ஆமையின் பக்கத்தில் வந்து நின்று கூவும். அந்தக் குரல் கேட்டால்தான் ஆமைக்குப் பொழுது விடிந்த மாதிரி. கேட்டால்தான் பொழுது சாய்ந்த மாதிரி.

பகல் முழுவதும் குருவி நிழல் தேடி எங்கோ போய்விடும்.

"இங்கே கொஞ்சம் நிழல் இருந்தால் நான் எங்கேயும் போக மாட்டேன், ஆமையாரே," என்றது குருவி, போன பங்குனியில் கிளம்பும்போது. பேசிக்கொண்டே சருகைக் கிளறியது. புழுவுக்குப் பதிலாக இரண்டு பரங்கி விதைகள் கிடைத்தன.

"இவற்றைப் போட்டு வையுங்கள். பரங்கி இலை அகலமாக வரும்."

"போட்டால் நீ தங்குவாயா?"

"அடியில் ஈரமும் மேலே நிழலும் இருந்தால் என்னைத் துரத்தினாலும் போக மாட்டேன்."

குருவி போனது. ஆறு மணிகள் வெறுமனே வந்து வெறுமனே போயின.

ஆடி பிறந்ததும் ஆமை விதைகளை மண்ணில் புதைத்தது. இரண்டும் முளைத்தன. பாறைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த முயல் தாவி வந்து, "ஆமையண்ணே, ஒரு கன்று எனக்குக் கொடுங்களேன்," என்று கெஞ்சி, ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு போனது. மற்றொன்றுக்கு ஆமை ஓடையிலிருந்து வாய் நிறையத் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றியது.

வித்திலைகள் உதிர்ந்து, முதல் இலை விரிந்தது. ஆமையின் ஓட்டளவுக்கு அகன்றது. அந்த இலையைப் பார்த்ததும் ஆமைக்குப் பேச்சு வந்துவிட்டது. தினமும் மாலை ஆறு மணிக்கு அதன் அருகில் போய் உட்காரும்.

"அவள் வந்தால் முதலில் உன் அடியில்தான் உட்காருவாள். தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். நீ ஆடாமல் இருக்க வேண்டும், தெரிந்ததா?"

இலை கேட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காட்டில் ஆமை சொல்வதை முழுக்கக் கேட்க வேறு யாருக்கும் பொறுமை இல்லை.

கொடி ஓடியது. இலை மேல் இலையாகத் தழைத்தது. புரட்டாசியில் ஒரு காலை, முதல் இலையின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரிந்தன. நாலு நாளில் இலை முழுக்க மாவு தூவிய மாதிரி ஆகிவிட்டது.

பாறைமேல் வந்து நின்ற முயல் எட்டிப் பார்த்தது. "என்ன அண்ணே, இலைக்கு விபூதி பூசி விட்டீர்களா? கோயிலுக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கிறதே."

"காத்திருந்து காத்திருந்து நரைத்துவிட்டது," என்றது ஆமை. சிரிக்கவில்லை.

முயலின் பின்னாலேயே முள்ளம்பன்றி வந்தது. அதற்கு முதுகில் மட்டுமில்லை, பேச்சிலும் முள். இலையை ஒரு தரம் மோந்து பார்த்தது.

"நரையும் இல்லை, விபூதியும் இல்லை. இது சாம்பல் நோய். காற்றில் பறந்து அடுத்த இலையில் ஒட்டும். இப்போதே இந்த இலையைக் கிள்ளி, கொடிக்கு எட்டாத தூரத்தில் புதைத்துவிடும். மற்ற இலைகளிலும் நெருக்கமானவற்றைக் கொஞ்சம் களைந்துவிடும். உள்ளே காற்றும் வெளிச்சமும் போகட்டும்."

"இந்த இலையையா?"

"இதைத்தான். வேறு எதை?"

"இது முதல் இலை."

"முதலில் வந்தது முதலில் போகும். அதற்கென்ன?"

முயலுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "ஐயோ, என் கொடியிலும் நாலைந்து இலை இப்படி இருக்கிறதே," என்று ஓடியது. முள்ளம்பன்றியும் கூடவே போய் நின்று, கிள்ளு கிள்ளு என்று விரட்டியது. மாலைக்குள் முயலின் கொடி பாதி மொட்டையாகிவிட்டது. முயல் அழுத அழுகை பாறைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

ஆமை அன்று இலையின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. ஓடைத் தண்ணீரை வாயில் கொண்டுவந்து, இலையைக் கழுவியது. வெள்ளை போய்ப் பச்சை தெரிந்தது. "பார்த்தாயா, அழுக்குதான்," என்றது.

மறுநாள் காலை இலை மறுபடியும் வெளுத்திருந்தது.

கிள்ளத்தான் போனது ஆமை. காம்பை வாயில் கவ்வியும் விட்டது. பிறகு என்ன நினைத்ததோ, வாயைத் திறந்துவிட்டது. இதைக் கிள்ளிவிட்டால் ஆறு மணிக்கு யாரிடம் பேசுவது? குருவி வந்து, "எனக்காக வளர்ந்த முதல் இலை எது?" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

அதனால் ஆமை வேறொன்று செய்தது. பக்கத்திலிருந்த பச்சை இலைகளை மெல்ல இழுத்து, வெள்ளை இலையின் மேல் படியவிட்டது. இப்போது பார்த்தால் எல்லாம் பச்சை.

இரண்டு நாள் கழித்து முள்ளம்பன்றி வந்தது. "அந்த இலை எங்கே?"

"கிள்ளிப் புதைத்துவிட்டேன்," என்றது ஆமை.

"நல்லது. ஆனால் இவ்வளவு அடர்த்தி ஆகாது. கொஞ்சம் களைந்துவிடும்."

"நிழலுக்காகத்தானே வளர்க்கிறேன். களைந்தால் நிழல் எப்படி வரும்? முயலுடைய கொடியைப் பார்த்தீரா? தலை மழித்த மாதிரி நிற்கிறது. அதன் அடியில் ஓர் எறும்புகூட உட்காராது."

"உம் கொடி, உம் பாடு," என்று முள்ளம்பன்றி போய்விட்டது.

வெள்ளை இலையை மூடிய இலைகளுக்கு அடிப்பக்கம் முதலில் வெளுத்தது. ஆமை அவற்றை இன்னும் சில இலைகளால் மூடியது. அவையும் வெளுத்தன. ஓர் இலையை மறைக்க இன்னோர் இலை, அதை மறைக்க வேறோர் இலை என்று இழுத்து இழுத்து ஆமையின் கழுத்து வலித்தது. ஒரு நாள் இழுக்கப் பச்சை இலையே இல்லை. வெளுத்தவை பழுத்தன, பழுத்தவை கருகின, ஐப்பசி பிறந்தபோது கொடி காய்ந்த கயிறாகத் தரையில் கிடந்தது.

முதல் இலை மட்டும் காம்பில் ஒட்டிக்கொண்டு, மடங்கிச் சுருங்கி நின்றது.

குருவி ஒரு காலை வந்து இறங்கியது. இறங்கியது என்பதைவிட விழுந்தது என்று சொல்லலாம். அவ்வளவு தூரம் பறந்த களைப்பு. ஒரு சிறகு தரையில் இழுபட்டது.

"ஆமையாரே."

"வந்துவிட்டாயா?"

"வந்துவிட்டேன். வழியெல்லாம் இந்த நிழலைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கே அது?"

ஆமைக்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. இழுத்துக்கொள்ளவில்லை. "இருந்தது," என்றது. பிறகு அந்த இலையைக் காட்டியது. "இது உனக்காக வந்த முதல் இலை. நோய் கண்டது. கிள்ள மனம் வரவில்லை. தினமும் உன்னைப் பற்றி இதனிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன்."

குருவி இலையைப் பார்த்தது. தலையைச் சாய்த்து ஆமையைப் பார்த்தது.

"என்னைப் பற்றி இலையிடம் பேசியதை, நான் வந்த பிறகு என்னிடமே பேசியிருக்கலாமே, ஆமையாரே. இது போனால் எனக்கென்ன? இன்னோர் இலையடியில் உட்கார்ந்திருப்பேன்."



குருவி உடனே போய்விடவில்லை. ஆமையின் நிழலில் ஒண்டிக்கொண்டது. சூரியன் நகர நகர ஆமையும் திரும்பித் திரும்பி நின்று கொடுத்தது. இருவரும் பழங்கதை பேசினார்கள். ஆமைக்கு அந்தக் காலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆமையின் நிழல் எவ்வளவு இருக்கும்? வெயில் ஏற ஏற அது சுருங்கியது. உச்சி வெயிலில் நிழல் முழுக்க ஆமையின் அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. குருவி அலகைத் திறந்து மூச்சு வாங்கியது.

பாறைமேல் முயல் தலை நீட்டியது. "அண்ணே, வந்தாச்சா உங்கள் குருவி? பாவம், துவண்டு கிடக்கிறதே. என் கொடி மறுபடியும் தழைத்துப் பந்தல் மாதிரி கிடக்கிறது. அடியில் நல்ல ஈரம். புழு நெளிகிறது. எனக்குப் பார்த்தாலே குமட்டுகிறது, யாராவது தின்றால் தேவலை."

குருவி ஆமையைப் பார்த்தது.

"போ," என்றது ஆமை.

"நீங்களும் வாருங்களேன்."

"பாறை ஏற என் கால் ஆகாது. சுற்றிப் போனால் ஓடை. இந்த மழைக்கு ஆழமாக ஓடுகிறது, என்னைப் போன்ற தரை ஆமைக்கு நீந்த வராது. நீ போ. உயிர் முக்கியம்."

"வெயில் தாழ்ந்ததும் வருகிறேன்," என்று சொல்லிவிட்டுக் குருவி பாறையைத் தாண்டிப் போனது.

வெயில் தாழ்ந்தது. குருவி வரவில்லை. வந்த களைப்பில் அங்கேயே கண்ணயர்ந்திருக்கும் என்று ஆமை தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

பிறகு காய்ந்த கொடியின் அடிக்குப் போனது. மண்ணோடு ஒட்டிய கணுவில் விரல் நுனியளவு பச்சைத் துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது. அதற்கு நேர் மேலே, சாம்பலை உதிர்த்துக்கொண்டு, முதல் இலை.

ஆமை காம்பைக் கவ்வியது. இந்த முறை வாயைத் திறக்கவில்லை. இலை சட்டென்று கழன்று வந்துவிட்டது. அவ்வளவு எளிதாக வரும் என்று ஆமை நினைத்திருக்கவில்லை.

அதைக் கொடிக்கு எட்டாத தூரத்தில் புதைப்பதற்காக, அடி மேல் அடி வைத்து நடந்தது. பாதி வழியில் மணி ஆறு. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குருவியின் குரல் வந்தது. இந்தப் பக்கம் பார்த்துத்தான் கூவியது.

ஆமை நின்றது. வாயில் இலை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

நீதி: கெட்டுப்போன ஓர் இலையைக் கிள்ள மனமில்லாமல் மறைத்து வைப்பவர், முழுக் கொடியையும் இழப்பார்.