வலிக்காத முள்

"இத்தனை வருஷம் இங்க வந்து கண்ணை மூடி உக்காந்தேனே அம்மா, எல்லாம் வீண்" என்றார் தேசிகன்.

அமுதவல்லி அம்மா தன் பாயில் உட்கார்ந்தபடி அவரைப் பார்த்தார். மலையடிவாரத்தில் இருக்கும் அந்தத் தியான வீட்டுக்கு அவர்தான் குரு. தேசிகனைவிட வயதில் இளையவர்.

"கோபத்துல சொல்லல. நீங்க சொன்னது எனக்குக் கிடைச்சிடுச்சு. இங்க இல்ல, என் கடையில."

தேசிகனுக்கு நகரத்தில் கேக் கடை. கிரீமில் ரோஜாப்பூ வைப்பதில் பேர் வாங்கிய கை.

"எப்படிக் கிடைச்சுது?"

தேசிகன் துணிப்பையைத் திறந்தார். ஒரு பலூன். கட்டைவிரல் அளவில் சில எஃகுக் குப்பிகள்.

"கிரீமை நுரைக்க வைக்கிற வாயு. பலூன்ல பிடிச்சு ஒரு இழுப்பு. காதுக்குள்ள மணி அடிக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் கடை இல்ல, நான் இல்ல. செத்துப்போன என் பொண்டாட்டி ஞாபகம்கூட இல்ல."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"அப்புறம்?"

"இன்னொரு பலூன்."

"அப்புறம்?"

தேசிகன் சிரித்தார். "என் பொண்ணும் இப்படித்தான் கேட்டா."

"அவளுக்கு என்ன சொன்னீங்க?"

"இது சாராயமா, கஞ்சாவா? பல் டாக்டர் வலி தெரியாம இருக்கக் குடுக்கறதுதானேன்னு சொன்னேன்."

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த சிட்டம்மா நிமிர்ந்தாள். அங்கே சமையலும் அவள்தான்.

"பல் டாக்டர் பல்லைப் பிடுங்கினதும் நிறுத்திடுவாரே அண்ணே. உங்களுக்கு இன்னும் எத்தனை பல்லு பாக்கி?"

தேசிகன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"உடம்பு நான் இல்லைன்னு சொல்லிக் குடுத்தீங்களே அம்மா. அது எனக்கு நடந்துக்கிட்டு இருக்கு. இப்பல்லாம் பலூன் இல்லாத நேரத்துலயும் பாதம் இருக்கறதே தெரியல. பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. விரல் நுனியிலயும் எறும்பு ஊர ஆரம்பிச்சிருக்கு. உடம்பு கீழேயிருந்து கழண்டுக்கிட்டே வருது."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"அய்யய்யோ" என்றாள் சிட்டம்மா. "இப்பத்தானே துடைச்சேன். யாரு காலு இது?"

வாசலிலிருந்து சிவப்புத் தடங்கள் வந்தன. அவை தேசிகனிடம் வந்து நின்றன.

கேட்டிலேயே செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலில் வர வேண்டும் என்பது அங்கே வழக்கம். வழியெல்லாம் கருவேல மரங்கள். பார்த்து நடப்பதே முதல் தியானம் என்பார் அம்மா.

சிட்டம்மா அவர் பாதத்தைத் திருப்பினாள். முள் முழுசாக உள்ளே போயிருந்தது. நகத்தால் நெம்பி இழுத்தாள். அவள்தான் முகம் சுளித்தாள்.

"பாத்தீங்களா!" என்றார் தேசிகன். "பிடுங்கினதுகூடத் தெரியல. இதுக்கு மேல என்ன வேணும்?"

அமுதவல்லி அம்மா முள்ளை வாங்கிக்கொண்டார். எழுந்து, தான் உட்கார்ந்திருந்த பாயைத் தட்டிப் போட்டார்.

"இனிமே இது உங்க பாய். முகம் கழுவிட்டு வந்து உக்காருங்க. நான் எதிர்ல உக்காந்து கத்துக்கறேன்."

அந்தப் பாயில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. தேசிகனுக்குக் கண் கலங்கியது. கூடத்தின் பின்வாசலில் இருந்த கல்தொட்டிக்குப் போனார். இரண்டு கையிலும் தண்ணீரை அள்ளினார். கண்ணை மூடி முகத்தில் அடித்தார்.

முன்னால் சாய்ந்தார். நெற்றி தொட்டியின் விளிம்பில் மோதியது.

"கல்லு வழுக்குது" என்றார்.

சிட்டம்மா குனிந்து தடவிப் பார்த்தாள். "சொரசொரன்னு கெடக்கு அண்ணே."

மறுபடி அள்ளினார். மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை சிட்டம்மா தோளைப் பிடித்திராவிட்டால் தொட்டிக்குள்ளேயே விழுந்திருப்பார்.

"கண்ணைத் திறந்து காலைப் பாத்துக்கிட்டு நில்லுங்க" என்றார் அம்மா.

நின்றார். விழவில்லை.

"மூடுங்க."

மூடினார். உடம்பு ஆடியது. சிட்டம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிட்டம்மா" என்றார், கண்ணைத் திறக்காமல். "என் காலு தரையிலயா இருக்கு?"

"தரையிலதான் அண்ணே இருக்கு."

"ரெண்டுமா?"

அவள் இன்னொரு கையால் அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

அமுதவல்லி அம்மா அவர் வலது கையை விரித்து முள்ளை உள்ளங்கையில் வைத்தார்.

"அழுத்துங்க."

அழுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது அம்மா." கண்ணைத் திறந்தார். "நல்லா வலிக்குது."

"சிட்டம்மா, ஆட்டோவைக் கூப்பிடு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். போனதும் டாக்டர்கிட்ட முதல்ல பலூனைச் சொல்லுங்க. காலைப் பத்தி அப்புறம் சொல்லலாம்."

"கால் திரும்புமா?"

"தெரியாது. அந்த வாயு நரம்பைத் தின்னுது. பலூனை விடலேன்னா எந்த மருந்துக்கும் திரும்பாது. அடுத்தது கை."

"உடம்பு நான் இல்லைன்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் அம்மா. அவர் குரல் தாழ்ந்திருந்தது. "மரத்துப்போறதை நான் சொல்லல. முள்ளு குத்தினா எனக்கு இன்னும் வலிக்கும்."

ஆட்டோ வந்தது. சிட்டம்மா அவரை இடது பக்கம் தாங்கிக்கொண்டாள். தேசிகன் ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். துணிப்பை பாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. அதைத் தாண்டும்போது நின்றார். வலது கை தானாகக் கீழே போனது.

அந்தக் கை முள்ளோடு மூடியிருந்தது.

பையை எடுக்க வேண்டுமானால் முள்ளைப் போட வேண்டும்.

"போலாமா அண்ணே?" என்றாள் சிட்டம்மா.

"இரும்மா" என்றார். விரல்களை இன்னும் இறுக்கினார்.

"போலாம்."