வெறும் வாசல்

வெயிலே தரையில் விழாத ஒரு காட்டில், ஓர் இலுப்பை மரத்தை நம்பி ஒரு கூட்டமே குடியிருந்தது. கிளைப் பொந்தில் அணிலும் அதன் மூன்று குட்டிகளும். புதரில் முயல். வேரடி வளையில் பெருச்சாளி. பக்கத்துப் புற்றில் கீரி.

அங்கே ஒரு வழக்கம். நேற்றுத் தின்றதில் ஒரு துணுக்கை விடிந்ததும் வாசலில் வைக்க வேண்டும். மரங்கொத்தி வந்து பார்க்கும். துணுக்கில் மரத்தின் வேர் இருந்தால் மண்டையில் "டொக்! டொக்!" அப்புறம் காட்டிலேயே இடமில்லை.

பெருச்சாளிக்கோ வேர் ருசி கண்டுவிட்டது. தின்னத் தின்னப் பருத்தது. அது எதைக் கடித்தாலும் அதில் வேரின் பால் நாறியது. வாசலில் எதை வைப்பது?

ஒன்றுமே வைக்கவில்லை!

மரங்கொத்தி வந்தது. "அணில் வீடு, இலுப்பைப்பூ. சரி! முயல் வீடு, அறுகம்புல். சரி! பெருச்சாளி வீடு... துணுக்கே இல்லை. துணுக்கு இல்லையென்றால் குற்றமும் இல்லை. சரி, சரி!"

"போய் வாரும், டொக்டொக்காரே!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது பெருச்சாளி.

ஒருநாள் மரம் 'க்ரீ...ச்' என்று சாய்ந்தது.

அணில் கீரியிடம் ஓடியது. "கீரியண்ணே! யாரோ வேரைத் தின்கிறார்கள். மரம் விழுந்தால் என் பிள்ளைகள் நசுங்கிப் போகும்!"

"இவரா திருடனைப் பிடிப்பார்?" என்றது கிளையில் இருந்த மரங்கொத்தி. "இவருக்கு வேருக்கும் விழுதுக்கும் வித்தியாசம் தெரியாதே!"

"தெரியாதுதான்," என்றது கீரி. "துணுக்கைப் பார்ப்பது உம் வேலை. துணுக்கு இல்லாத வாசலைப் பார்ப்பது என் வேலை."

நேரே வேரடிக்குப் போய் நின்றது.

வளைக்குள்ளிருந்து பெருச்சாளியின் தேன்குரல் கேட்டது. "ஆராரோ... அலைந்து களைத்த ராசா, கண்ணுறங்கு..."

கீரிக்குக் கண் சொருகியது. "கொர்ர்ர்..."

அணில் விடுமா? காட்டுமிளகைக் கடித்துத் தூளாக்கி, கீரியின் மூக்கில் 'ஃபூ!' என்று ஊதியது.

"ஹா... ஹா... ஹச்சூ!"

கீரியின் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. ஒரே பாய்ச்சல்!

"கீச்! விடுங்க மாமா! நாளைக்கே துணுக்கு வைக்கிறேன் மாமா!"

அதற்குமேல் சத்தமில்லை.

அடுத்த மழையில் புதுவேர் விட்டு மரம் நிமிரத் தொடங்கியது. அணில் குட்டிகள் கிளைக்குக் கிளை தாவின. ஆனால் அது பிறகு. கீரி பாய்ந்த மறுநாள் விடியலிலேயே மரங்கொத்தி வழக்கம்போல் வந்தது.

"அணில் வீடு, காட்டுமிளகு. சரி! முயல் வீடு, அறுகம்புல். சரி! கீரி வீடு..."

வாசலில் நீளமாய் ஒரு வால் கிடந்தது.

"பெருச்சாளி வால். சரி! ரொம்ப ரொம்பச் சரி!"

நீதி: குற்றத்தின் தடயத்தை மறைத்தவனை, மறைத்த இடமே காட்டிக்கொடுக்கும்.