முன்தண்டு பிடித்தவன்

இந்தக் கதையை எனக்கு விடுதி அறைத்தோழி சொன்னாள். அவளுக்கு அவள் சித்தப்பா சொன்னாராம். எந்த ஊர், எந்தக் காலம் என்று இருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. அதனால் நானும் சொல்லவில்லை.

ஓர் அரசர் மலை உச்சியில் கல்விச்சாலை நடத்தினார். ஆண்டுக்கு ஒரே ஓர் இடம். அதற்கு விதி வகுத்தவர் பிரதானி திருவேங்கடம். குலம் பார்க்கக் கூடாது, செல்வம் பார்க்கக் கூடாது, ஆள் யாரென்றே பார்க்கக் கூடாது. விஜயதசமி காலையில் அடிவாரத்திலிருந்து ஏறி, வாசற்படியை முதலில் தாண்டுகிறவருக்கே இடம். எல்லாருக்கும் ஒரே பாதை, இதைவிட நியாயம் ஏது என்று சபை மெச்சியது.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பல்லக்கு வந்தால் நடப்பவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். மலைப்பாதையோ ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏறலாம் என்கிற அளவுக்குக் குறுகல். ஆகவே ஆண்டுதோறும் அறிவாளி பல்லக்கில்தான் வந்து சேர்ந்தார்.

பல்லக்குத் தூக்கும் சடையனுக்குப் படிக்க ஆசை. போன ஆண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினான். பின்னால் பல்லக்கு வந்தது. முள்ளுக்குள் ஒதுங்கி நின்றான். பத்தொன்பது வயதைத் தாண்டினால் சேர்க்க மாட்டார்கள். அவனுக்கு இதுதான் கடைசி விஜயதசமி. அரசவை விகடகவி ஆண்டியப்பரிடம் போய் முறையிட்டான்.

ஆண்டியப்பர் இந்த முறை ஓட வேண்டாம் என்றார். பிரதானி மகன் சிங்காரத்தின் பல்லக்கில் முன்தண்டின் நுனியைப் பிடிக்கச் சொன்னார்.

"படிக்க வழி கேட்டா சுமக்கச் சொல்றீங்களே, ஐயா."

"பல்லக்குக்குத்தானேடா வழி விடுகிறார்கள். போ."

விஜயதசமி வந்தது. அரசர் உச்சியில் காத்திருந்தார். சிங்காரத்தின் பல்லக்கு எல்லாரையும் ஒதுக்கிக்கொண்டு வாசலை நெருங்கியது. சடையன் படியைத் தாண்டினான். ஆண்டியப்பர் குறுக்கே கோலை நீட்டிப் பல்லக்கை அப்படியே நிறுத்தினார்.

"அரசே, இடம் நிரம்பிவிட்டது. சடையன் வந்துவிட்டான்."

பிரதானி கொதித்தார். தூக்கி வருகிறவன் வந்தவனாவானா என்று கேட்டார். ஆள் யாரென்று பார்க்கக் கூடாது என்பது அவருடைய விதிதானே என்றார் ஆண்டியப்பர். அரசர் சடையனிடமே கேட்டார்.

"நீ வந்தாயா?"

"கால் வலிக்குது சாமி. வந்துட்டேன்னுதான் நினைக்கிறேன்."

அப்படியென்றால் என் மகனுக்கு இரண்டாம் இடமாவது உண்டு என்றார் பிரதானி. அதுவும் இல்லை, சடையனுக்குப் பின்னால் இன்னொருவன் தோள் கொடுத்து நிற்கிறான், சின்னப் பிரபு மூன்றாவது என்றார் ஆண்டியப்பர்.

இந்தச் சத்தத்தில் சிங்காரத்தின் தூக்கம் கலைந்தது. திரையை விலக்கித் தலையை நீட்டினான்.

"வந்துவிட்டோமா?"

"அவர்கள் வந்துவிட்டார்கள் பிரபு. நீங்கள் தூங்குங்கள்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. சடையனுக்கு இடம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு பிரபுக்களின் பிள்ளைகள் எல்லாரும் முன்தண்டைப் பிடித்தார்கள். காலிப் பல்லக்குக்கு யாரும் வழிவிட மாட்டார்களே, அதனால் தூக்குகிற ஆட்களைப் பட்டு மெத்தையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

உண்மையில் யார் முதலில் வந்தது என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. எங்கள் ஊர்த் திருவிழாவில் கோயில் வாசலில் நின்று பார்த்தேன். முன்னால் தூக்குகிறவர் கால்தான் முதலில் உள்ளே போகிறது. சாமி பிறகுதான் போகிறது.