ஐந்து ஒன்பது

"டீச்சர், எல்லாரும் போயிட்டாங்க," என்றார் இஞ்ஞாசி.

தங்கபுஷ்பம் டீச்சர் நிமிரவில்லை. தேயிலை ஆலையிலிருந்து வந்த மோட்டார் ஒன்று அவர் முன்னால் பிளந்து கிடந்தது. கருகிய செம்புக் கம்பியைக் குறட்டால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு போனது?"

"வானொலியில இருந்த அத்தனை பேரும்."

"பஸ் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஆறரைக்கு."

"டீ குடிச்சீங்களா?"

"டீச்சர்..."

"கோத்தகிரிக்கு வந்து டீ குடிக்காம தத்துவம் பேசக்கூடாது சார். உட்காருங்க."

இஞ்ஞாசி உட்கார்ந்தார். மஃப்ளரை அவிழ்க்கவில்லை. தூத்துக்குடிக்காரருக்கு அந்தக் குளிர் ஒத்துவரவில்லை.

அவருக்கு அறுபத்தொன்பது வயது. டீச்சருக்கு ஐம்பத்தாறு.

தொண்ணூற்றொன்றில் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். குடியிருப்பின் மனமகிழ் மன்றத்தில் இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி மாலை வேளைகளில் மோர்ஸ் கற்றுக்கொடுத்தாள். புள்ளியும் கோடும். இரண்டு மாதத்தில் அவர் காதுக்குப் பழகியது. பரீட்சை எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கினார்.

அன்றிலிருந்து அவள் டீச்சர். அவர் சார். அது மாறவே இல்லை.

"தொண்ணூத்தாறுல என் நெட்டுல நாப்பத்தோரு பேரு," என்றார் இஞ்ஞாசி.

நெட் என்பது ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூடும் கூட்டம். கூடுவது காற்றில். இஞ்ஞாசி தூத்துக்குடியிலிருந்து ஒவ்வொரு பெயராக அழைப்பார். அந்தந்த ஊரிலிருந்து பதில் வரும். பெயர், ஊர், மழை உண்டா, ஏரியல் எப்படி, உடம்பு எப்படி. அவ்வளவுதான். முப்பது வருஷமாக அவர்தான் கன்ட்ரோல்.

"போன ஞாயிறு ரெண்டே பேரு. மதுரை டாக்டர், காரைக்கால் மில்காரர். அவங்க ரெண்டு பேரும் வச்சிருக்கிற பவருக்கு நிலாவுல கூடக் கேட்கும்."

"சரி."

"நாளையோட நிறுத்துறேன் டீச்சர். அறிவிப்பு எழுதி பிலோமினா கையில கொடுத்துட்டு வந்திருக்கேன். நெட் முடியுறப்ப படிச்சுடுவா."

பிலோமினா அவர் மனைவி. அவளுக்கும் உரிமம் உண்டு.

"ஏன், நீங்க படிக்கலையா?"

"தொண்டை அடைச்சுக்கும்."

டீச்சர் முதல் முறையாக அவரைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்," என்றார் இஞ்ஞாசி. "காலம் மாறிப்போச்சா? இல்ல, நாங்க ஒவ்வொருத்தரா அணைஞ்சுக்கிட்டு இருக்கோமா?"

டீச்சர் இன்னொரு குறட்டை எடுத்து நீட்டினார்.

"அந்தப் பக்கம் பிடிச்சு இழுங்க."

*

இரண்டு பேரும் கம்பி பிடுங்கினார்கள்.

"அப்பல்லாம் செட்டை யாரு விலைக்கு வாங்கினா?" என்றார் இஞ்ஞாசி. "சினிமாக் கொட்டகை ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சு வால்வு எடுத்தோம். எலக்ட்ரிக் கடை கார்ட்போர்டு உருளையில காயில் சுத்தினோம்."

"உங்க காயில் தீப்பிடிச்சு எரிஞ்சுச்சு."

"எரிஞ்சுச்சு. அணைச்சுட்டு மறுபடி சுத்தினோம்ல?"

"பிலோமினா அக்கா கல்யாணப் புடவையில ஓட்டை."

"அதை விடுங்க." இஞ்ஞாசி சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார். "ஒருத்தரோட பேசினா, பேசினோம்னு அட்டை வரும். தபால்காரர் வாசல்ல நின்னு, பெரு நாடு எங்க இருக்குன்னு கேட்பார். இப்ப மோர்ஸ் தெரியாமலே உரிமம் வாங்கலாம். கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பதினஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை விசிலடிச்சுக்குது. ஆள் பக்கத்துல சாப்பிட்டுக்கிட்டு இருக்கான். எந்திரிச்சு வந்து பார்த்தா நாப்பது நாடு பேசியிருக்கு. யாரு பேசினா? என்ன பேசினா? ஒண்ணும் கிடையாது."

"கோபமா?"

"கோபம் இல்ல டீச்சர். மனசு தேடுது."

டீச்சர் ஒரு கம்பியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டார்.

"உங்க ஏரியல் எப்படி இருக்கு?"

"பிரமாதம். செட்டுல இருந்து போறது எவ்வளவு, திரும்பி வர்றது எவ்வளவுன்னு காட்டுற முள் இருக்கில்ல? திரும்பி வர்றதே இல்ல. ஆறு வருஷமா முள் அசையல."

"மழையில?"

"மழையிலயும்."

"புயல்ல?"

"புயல்லயும்."

"ஓகோ," என்றார் டீச்சர்.

அடுத்த கம்பியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு எவ்வளவு மார்க் கொடுக்குறாங்க?"

கேட்பவர் பேசுபவருக்கு மார்க் போடுவது இவர்கள் வழக்கம். தெளிவுக்கு ஐந்து வரை. பலத்துக்கு ஒன்பது வரை. முழு மார்க் ஐந்து ஒன்பது.

"டாக்டர் எப்பவும் ஐந்து ஒன்பது."

"நீங்க?"

"எல்லாருக்கும் ஐந்து ஒன்பது."

"நான் அப்படியா சொல்லிக்கொடுத்தேன்?"

இஞ்ஞாசி குறட்டைக் கீழே வைத்தார்.

"கேட்டது கேட்டபடி சொல்லணும்னு சொன்னீங்க. நானும் அப்படித்தான் கொடுத்தேன். நாகர்கோவில் தங்கையாவுக்கு அஞ்சு வாரம் மூணு ரெண்டு கொடுத்தேன். ஆறாவது வாரம் அவர் வரலை. அப்புறம் வரவே இல்லை. அதுக்கப்புறம்தான் சொன்னேன், நம்ம நெட்டுல யாரையும் நோகடிக்க வேண்டாம், எல்லாருக்கும் ஐந்து ஒன்பதுன்னு. என்ன குறைஞ்சுபோச்சு?"

டீச்சர் அடுத்த கம்பியைக் காட்டினார். கம்பி பிடுங்கி முடிக்கச் சாயங்காலம் ஆனது.

*

மறுநாள் காலை ஏழுக்கு ஐந்து நிமிடம்.

டீச்சரின் செட் டிபன் டப்பா அளவுதான். வைண்டிங் மேசை மூலையில், வார்னிஷ் டின்களுக்கு நடுவே இருந்தது. அதிலிருந்து புறப்பட்ட கேபிள் ஜன்னல் வழியே வெளியேறி, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் கட்டிய கம்பிக்கு ஏறியது.

"என் நெட்டோட கடைசி நாளை இங்க உட்கார்ந்து கேட்கணும்னு எழுதியிருக்கு," என்றார் இஞ்ஞாசி.

"காபி ஆறுது," என்றார் டீச்சர்.

ஏழு மணி.

இரைச்சல். மாவு சலிப்பது போன்ற சத்தம். அதற்கு அடியில் யாரோ முணுமுணுத்தார்கள். நாற்பத்துநான்கு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவர் என்பதால் அது பிலோமினா என்று இஞ்ஞாசிக்குத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

"உங்க செட்டு மக்கர் பண்ணுது டீச்சர்."

டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

"அம்மாவுக்கு வணக்கம்," என்றது ஒரு குரல், எதிரில் உட்கார்ந்து பேசுவது போல. "அம்பை, உலகநாதன். இங்க சாரல். உங்களுக்கு ஐந்து ஒன்பது."

இஞ்ஞாசி நிமிர்ந்தார்.

"உலகநாதனா? அவர் ஒதுங்கி அஞ்சு வருஷம் ஆச்சே!"

இரைச்சல். முணுமுணுப்பு.

"ஏற்காடு, ஃபிராங்க்ளின். போன வாரம் முறிஞ்ச ஏரியல் கம்பத்தைத் தூக்கி நிறுத்திட்டேன். ஐந்து ஒன்பது."

"ஓசூர், நித்யகல்யாணி. ஐந்து ஒன்பது. பின்னாடி சத்தம் வந்தா மன்னிச்சுக்குங்க, ராகி அரைச்சுக்கிட்டு இருக்காங்க."

"கொல்லம், வர்கீஸ். தமிழ் கொஞ்சம் கொஞ்சம். ஐந்து ஒன்பது."

காபியில் ஆடை கட்டியது. இஞ்ஞாசி விரல்விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தார். பாதிப் பேரை அவர் இறந்தவர்கள் கணக்கில் சேர்த்திருந்தார். மீதிப் பாதியின் பெயரே அவருக்குத் தெரியாது.

"இவங்க எப்ப வந்தாங்க?"

"ஞாயித்துக்கிழமைதோறும் வர்றாங்க."

"எனக்கு ஏன் கேட்கலை?"

செட்டுக்குள் ஓசூர்ப் பெண் மெதுவாகக் கேட்டாள். "கரூர் அண்ணே, கன்ட்ரோல் உங்களுக்குக் கேட்குதா?"

"எங்க கேட்குது? பதினஞ்சு வரைக்கும் எண்ணிட்டு, உங்க முறை வந்ததும் பேசிடுங்க. வரிசைதான் மனப்பாடமாச்சே."

"கேட்காமலா ஐந்து ஒன்பது கொடுத்தீங்க?"

"நீங்க கேட்டுட்டா கொடுத்தீங்க?"

அவள் சிரித்தாள்.

"பெரியவர் மனசு கஷ்டப்படும்மா," என்றது கரூர்க் குரல். "பாவம், நாம கூப்பிட்டாலும் திரும்பிப் பேசறதில்ல. காது போயிடுச்சு போல."

இஞ்ஞாசி இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என் காதா?"

"காது நல்லாத்தான் இருக்கு. உங்க ஏரியல் கேபிள்ல தண்ணி இறங்கியிருக்கு," என்றார் டீச்சர். "போறதையும் அதுவே குடிச்சிடும். வர்றதையும் குடிச்சிடும். திரும்பி வர ஒண்ணும் மிஞ்சாது. முள் நிம்மதியாப் படுத்துக் கிடக்கும்."

"ஆறு வருஷமாவா?"

"நாலஞ்சு வருஷமாவது இருக்கும்."

இஞ்ஞாசியின் முகம் சிவந்தது. "தெரிஞ்சுக்கிட்டே நீங்க ஏன் சொல்லலை?"

"சொன்னேன் சார். நெட்டுலயே சொன்னேன். இரண்டு ஒன்று. ஒரு தடவை இல்ல, நிறைய தடவை. உங்களுக்குத்தான் கேட்கலையே. அப்புறம் அட்டை எழுதிப் போட்டேன்."

இஞ்ஞாசி தரையைப் பார்த்தார்.

"அட்டை வந்துச்சு."

"ம்."

"உங்க செட்டு பழசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். இஞ்ஞாசி சிரிக்க முயன்றார். பாதியில் மணியைப் பார்த்தார்.

ஏழு இருபத்தெட்டு.

ஏழரைக்கு அறிவிப்பு.

செல்பேசியை எடுத்து பிலோமினாவை அழைத்தார். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. நெட் நடக்கும்போது வீட்டில் செல்பேசி அணைத்திருக்க வேண்டும். செட்டில் இரைச்சல் சேரும். அவர் போட்ட உத்தரவு.

மைக்குக்குக் கை நீட்டினார். டீச்சர் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கன்ட்ரோல் முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க வரக்கூடாது."

"டீச்சர், படிச்சுடுவா!"

"உங்க சட்டம் சார்."

"என் சட்டத்தைக் கடல்ல போடுங்க! முப்பது வருஷ நெட்டு டீச்சர். இத்தனை பேரு உட்கார்ந்திருக்காங்க. அவங்ககிட்ட, போயிட்டு வாங்க, கடையைச் சாத்துறேன்னு..."

முணுமுணுப்பு தொடங்கிவிட்டது.

இந்த முறை அது நீளமாகப் போனது. நிறுத்தி நிறுத்திப் போனது. அவர் எழுதிய வாக்கியங்களின் நீளம் அவருக்குத் தெரியும். இது அந்த நாற்பத்தோரு பேர் வரும் இடம். இது நன்றி. இங்கே பிலோமினாவுக்கும் தொண்டை அடைத்திருக்க வேண்டும், கொஞ்சம் நின்று தொடர்ந்தாள். ஒரு சொல்லும் புரியவில்லை.

முணுமுணுப்பு நின்றது.

இரைச்சல் மட்டும்.

இஞ்ஞாசி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து எண்ணும் நேரம் கழிந்தது.

"நன்றி அம்மா," என்றது அம்பை. "ஐந்து ஒன்பது. அடுத்த ஞாயிறு பார்க்கலாம்."

"ஏற்காடு. ஐந்து ஒன்பது. அடுத்த ஞாயிறு."

"ஓசூர். அடுத்த ஞாயிறு எங்க அப்பாவும் வர்றாராம். ஐந்து ஒன்பது."

"கொல்லம். ஐந்து ஒன்பது. வரும், வரும்."

ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார்கள். மதுரை டாக்டரும் சொன்னார். காரைக்கால் மில்காரரும் சொன்னார். மொத்தம் பத்தொன்பது பேர்.

டீச்சர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். அதை இஞ்ஞாசி பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய் ஜன்னலோரம் நின்றார்.

இஞ்ஞாசி பொத்தானை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார்.

"இஞ்ஞாசி," என்றார். "இஞ்ஞாசி பேசுறேன். கோத்தகிரியில இருந்து."

காற்று அடங்கியது போல இருந்தது.

பிறகு பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்பை, ஓசூர், கரூர், கொல்லம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்தன. யாரோ கத்தினார்கள். யாரோ சிரித்தார்கள். சின்னஞ்சிறு ஸ்பீக்கர் மேசையோடு சேர்ந்து அதிர்ந்தது.

மெல்ல ஓய்ந்தது. பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

அவர் முகத்தை மஃப்ளரால் துடைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணுமே புரியலை," என்றார்.