ஏழாம் படுக்கையின் நட்சத்திரம்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கணினிக்குள் எழுத்துகளும் குறிகளும் குடியிருந்தன. அங்கிருந்து காகிதத்துக்குப் போக ஒரே ஒரு வாசல். அதில் ஷெல் என்ற காவலர் உட்கார்ந்திருந்தார். அவர் விடுகிற ஆட்களை எக்கோ என்பவர் அச்சில் ஏற்றுவார். எக்கோ எதையும் கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். யோசிக்கவும் மாட்டார்.

ஷெல் கெட்டவர் அல்ல. கடமை தவறாதவர், அதனாலேயே அவரிடம் பேசிப் பிரயோஜனமில்லை. சாதாரண எழுத்துகளை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். நட்சத்திரக் குறி வந்தால் மட்டும் எழுந்து நின்றுவிடுவார். நட்சத்திரம் என்றால் அவருக்கு, எல்லாரையும் கூப்பிடு என்ற உத்தரவு. வாசலை ஒட்டிய அறையில் உள்ள கோப்புகளையெல்லாம் பெயர் சொல்லி அழைத்து, நட்சத்திரத்தை விலக்கிவிட்டு அந்த இடத்தில் நிறுத்துவார்.

அன்று காலை நட்சத்திரத்துக்கு ஒரு வேலை வந்தது. ஏழாம் படுக்கைக் காசிராஜனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. போன தடவை போட்டபோது மூச்சு முட்டி, செத்துப் பிழைத்த மனிதர். பட்டியலில் ஏழுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தால் நர்ஸ் சகாயராணி அவருக்கு அந்த ஊசியைப் போடமாட்டார். வேலை அவ்வளவுதான், சும்மா நிற்க வேண்டும். பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு அது மட்டும் வராது.

ஏழுக்குப் பின்னால் நட்சத்திரம் வாசலுக்குப் போனது. ஷெல் எழுந்தார்.

"ஐயா, உக்காருங்க. நான் சும்மா நிக்கத்தான் வந்திருக்கேன்" என்றது நட்சத்திரம்.

"உங்களைப் பார்த்துட்டு நான் உக்காரலாமா?" என்றார் ஷெல். "கேன்டீன் பட்டியல், வா. லீவு லெட்டர், வா. எக்ஸ்ரே ரிப்போர்ட், நீயும் வா."

ஏழுக்குப் பக்கத்தில் அந்த மூன்றும் அச்சாகின. சகாயராணி படித்துப் பார்த்தார்.

"ஏழாம் பெட்டுக்கு லீவு லெட்டரா? மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. இன்னொரு தடவை எடுக்கிறேன். அதுலயும் குறி இல்லேன்னா அவருக்கும் போட்டுட வேண்டியதுதான்."

நட்சத்திரத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன்னால் ஒரு மனிதர் சாகப்போகிறார் என்று அழுதது.

வரிசையில் நின்ற சாய்கோடு ஒன்று முன்னால் வந்தது. பின்பக்கமாகச் சாய்ந்த, ஒல்லியான கோடு.

"அண்ணே, எனக்குப் பின்னாடி ஒட்டி நில்லுங்க. என்னைப் பார்த்துட்டா அவர் அடுத்த ஆளை விசாரிக்கமாட்டார்."

"அப்புறம் நீ?"

"என்னை வாசல்லயே எடுத்துடுவார்."

"எடுத்து எங்க வைப்பார்?"

"வைக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காதுண்ணே."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. சாய்கோடு முன்னால் நடந்தது. ஷெல் அதைத் துடைத்துவிட்டு, நட்சத்திரத்தை யாரோ எவரோ என்பதுபோல் போகச் சொன்னார். ஏழுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் நின்றது. சகாயராணி ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தார். காசிராஜன் கஞ்சி கேட்டார்.

நட்சத்திரத்துக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ஷெல்லிடம் போனது.

"சாய்கோடும் ஒரு தடவையாவது காகிதத்துல நிக்கணும் ஐயா. நாலு பேர் பார்க்கணும்."

"தாராளமா நிக்கட்டும். அதுக்கு முன்னாடி இன்னொரு சாய்கோடு வரணும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வேண்டாம் என்று சொல்ல நட்சத்திரம் திரும்புவதற்குள் ஒரு சாய்கோடு புறப்பட்டுவிட்டது. அடுத்து நின்றதையும் கூடவே இழுத்துக்கொண்டது.

"எங்களைப் பார்க்கணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைண்ணே" என்றது. "போயிட்டு வர்றேன்."

காகிதத்தில் ஒரு சாய்கோடு ஏறியது. நட்சத்திரம் கிட்டே போய்ப் பார்த்தது. அது காசிராஜனுக்காகப் போன கோடு அல்ல. போயிட்டு வர்றேன் என்று சொன்ன கோடும் அல்ல. பின்னால் வாய் திறக்காமல் நின்றிருந்த மூன்றாவது.