ஒரு கோடி பொறுமைசாலிகள்

கோவை வீடியோ கேம் கம்பெனி முதலாளி சௌந்தரபாண்டியன் வாயைத் திறந்தால் கோடிக்குக் கீழே இறங்கமாட்டார். தன் கேம் ஒரு கோடி பிரதி விற்றுச் சாதனை படைத்ததாக ஊரெல்லாம் அளந்தார். சாதனைப் புத்தகத்துக்காரர் சரிபார்க்கவே வந்துவிட்டார்.

புகார் போன் எடுக்கும் மரியபுஷ்பத்தின் காதருகே முதலாளி உறுமினார். "ஒரு கோடி உண்மைன்னு சாட்சிக் கையெழுத்துப் போடு. இல்லேன்னா வேலை காலி."

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "தாராளமா போடறேன் சார். நம்ம கஸ்டமருங்க மாதிரி பொறுமைசாலிங்க உண்டா? நம்ம கேம்ல ரெண்டாவது கதவு திறக்கவே திறக்காது, யாராலயும் தாண்ட முடியாது. இருந்தும் மூணு வருஷத்துல நாலே போன்தான் வந்துச்சு. அதுலயும் மூணு உங்க வீட்டுலேருந்து."

வந்தவர் பேனாவை மூடினார். "அந்த நாலாவது?"

"ராங் நம்பர் சார். பிரியாணி கேட்டாங்க."