சுடலைமுத்து போட்ட தேதி

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அதன் கணினி அறையில் சுவரோரமாக ஒரு சர்வர். அதைப் பார்த்துக்கொள்பவர் சுடலைமுத்து. வயது அறுபத்து மூன்று. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு வீட்டுக்குள் தனியாக உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஜெபக்கனிக்கு முப்பத்தைந்துதான். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

இலவச மென்பொருள் எங்கோ தூர தேசத்தில் வெளியாகும். எல்லோரும் அங்கேயே போய் முட்டி மோதக் கூடாது என்று ஊருக்கு ஊர் நகல் வைத்திருப்பார்கள். மிரர் என்று பெயர். சுடலைமுத்துவின் சர்வரும் அப்படி ஒரு மிரர்தான். கடைசியாக நகலெடுத்த தேதி அதில் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். தலைமை இடத்து நிரல் ஒன்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து அந்தத் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் போகும். தேதி பழசானால் மிரரின் பெயரைப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும். அப்புறம் யாரும் வரமாட்டார்கள்.

யாராவது வந்து எதையாவது இறக்கிக்கொண்டால் சுடலைமுத்துவின் திரையில் ஒரு வரி ஓடும். பேர் இருக்காது, வெறும் எண்தான். அந்த எண்ணைப் பார்த்து அவர் வாய்க்குள் "வாங்க" என்பார். சிரிக்க வேண்டாம். நாள் முழுக்கப் பேச ஆளில்லாதவருக்கு அதுவும் விருந்தாளிதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஜெபக்கனி வந்தாள். தேதிக் கோப்பில் அன்றைய தேதி இருந்தது. மற்ற கோப்புகளைத் திறந்து பார்த்தாள். எல்லாம் பதினோரு நாள் பழசு.

"நகலெடுக்கது எப்ப நின்னுச்சு அண்ணாச்சி?"

"போன வெள்ளிக்கு முந்துன வெள்ளி."

"தேதி இன்னிக்குன்னு காட்டுதே?"

"நான்தான் போட்டேன். தெனமும் காலைல வந்ததும் கையால மாத்திருவேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உண்மையான தேதியப் போடச் சொல்வீங்க, பட்டியல்ல பேரைத் தூக்கிருவாங்க. பேரு போச்சுன்னா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க டீச்சர். பழசும் வேலை செய்யத்தானே செய்யுது?"

ஜெபக்கனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"வியாழக்கிழமை, கம்ப்யூட்டருக்குள்ள திருடன் நுழையுற ஒரு ஓட்டையை அடைச்சுப் புதுசு விட்டாங்க. அதுக்கப்புறம் நம்மகிட்ட எத்தன பேரு வந்தாங்க?"

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "நானூத்திப் பன்னெண்டு."

"அவங்களுக்கு எதைக் கொடுத்தோம்?"

"ஓட்டை உள்ளதைத்தான்."

அவள் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். உண்மையான தேதியை அவரே அடித்தார். இரண்டு முறை அழித்து அடிக்க வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து வருவதை வடிகட்டக் கல்லூரியில் புதிதாகப் போட்ட ஃபயர்வால்தான் நகல் வரும் வழியை மறித்திருந்தது. ஜெபக்கனி ஆளைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னாள். நகல் மறுபடி ஓடத் தொடங்கியது. முடிய இரண்டு நாளாகும்.

மதியம் தலைமை இடத்து நிரல் வந்தது. தேதியைப் பார்த்தது. பட்டியலில் பெயர் போய்விட்டது. திரையில் வரிகள் குறைந்து குறைந்து ஒரு மணிக்கெல்லாம் நின்றுவிட்டன. அறையில் விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

"இனி ரெண்டு நாளைக்கு இங்க யாரு டீச்சர் வருவா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. மெல்போர்னிலிருந்து மகள். இருப்பது ஒரே மகள்.

"நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. எனக்கென்ன, எந்நேரமும் ஆளு வந்து போய்க்கிட்டுதான் இருக்கு. பொழுது போறதே தெரியல. டிசம்பருக்கா? சின்னப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு எதுக்கும்மா அலையணும்? நான் ஜம்முனு இருக்கேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

போனை வைத்தார். மேசையில் டிபன் பாக்ஸ் திறக்காமல் இருந்தது. ஜெபக்கனி அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"மகளுக்கும் கையாலதான் தேதி போடுதீங்களா அண்ணாச்சி?"